உரிமம் பெற்ற மூக்கு

பெண் பார்க்க வந்த அன்று சௌந்தரம் பூங்கோதையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உனக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்குமாம்மா?"

வரப்போகும் மாமியாருக்கு எவ்வளவு அக்கறை என்று பூங்கோதை உருகிப்போனாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. குழாயில் கேஸ் வரும் வீடு ஒவ்வொன்றிலும் கசிவை மோப்பம் பிடிக்க, அரசு உரிமம் பெற்ற மூக்கு ஒன்று இருக்க வேண்டும். அந்த ஆள் வாசலைத் தாண்டினால் அடுப்பு அணைந்துவிடும். கணவனும் மாமியாரும் வருஷா வருஷம் தேர்வில் தோற்றார்கள்; உரிமம் பூங்கோதையின் மூக்குக்கே வந்தது. மூன்று வருஷமாகப் பூங்கோதை பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. நாளை தங்கைக்கு வளைகாப்பு.

இன்று இந்த வருஷத் தேர்வுக்குப் பரிசோதகர் வந்தார். புட்டியில் இருந்த கேஸை முகர்ந்து கணவன் "பெருங்காயம்" என்றான். சௌந்தரம் உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு வாசனையும் தெரியலையே தம்பி. வயசாயிடுச்சு."

பரிசோதகர் 'தோல்வி' என்று எழுதக் குனிந்தார். அடுப்பில் பாலை வைத்திருந்த பூங்கோதை, கூடத்தை விட்டு நகரவே இல்லை.

"அடியே, பால் அடிப்பிடிக்குது! உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்தினாள் சௌந்தரம்.

பரிசோதகர் நிமிர்ந்து சௌந்தரத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உரிமத்தில் சௌந்தரத்தின் பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

பூங்கோதை கட்டிவைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.