ஐஸ் பெட்டிக்குள் நாயனம்

கண்ணாடி மூடியைத் தூக்கியபோதுதான் ரங்கநாயகி அதைப் பார்த்தாள்.

அரவிந்தனின் மார்பின் மேல், மாலைகளுக்கு நடுவே, அவருடைய நாயனம் கிடந்தது.

அடக் கடவுளே! பிணம் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள்ளா நாயனத்தை வைப்பார்கள்?

நேற்றிலிருந்து உள்ளறையில் சுருண்டு கிடந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. இது அவருடைய தம்பி பிச்சமுத்துவின் வேலையாகத்தான் இருக்கும். தொட்டியத்தில் வாழை போடுகிற மனுஷன். அண்ணன் என்றால் உயிர். நாயனத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், பாவம்.

ரங்கநாயகிக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வாசித்தவர்கள். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் அவர்கள் வாசிக்காத கல்யாண மண்டபம் இல்லை. மண்டபங்கள் எல்லாம் ஏசி ஆன பிறகு அரவிந்தனுக்கு ஒரே பயம். குளிர்ந்த மரத்துக்குள் சூடான மூச்சு போனால் மரம் வெடித்துவிடும். வாசிக்காத நேரமெல்லாம் நாயனத்தை மப்ளரால் சுற்றி மடியிலேயே வைத்திருப்பார்.

இந்த மார்கழியில் இருமல் அவரைப் பிடுங்கி எடுத்தது. அப்போதும் மப்ளர் நாயனத்துக்குத்தான். கடைசியில் அந்த இருமல்தான் அவரைக் கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். தான் போகும்போது அவள் வாசிக்க வேண்டும், அதுவும் தன்னுடைய நாயனத்தில். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அதை எடுத்து மப்ளரைச் சுற்றி மடியில் வைத்துத் தேய்த்தாள். விரல் மரத்துப்போகிற குளிர். கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும், சூடேறிவிடும்.

யார் கொடுப்பார்கள்? பொழுது சாய்கிறது என்று வாசலில் அவசரப்படுத்தினார்கள். பாடை தோளுக்கு ஏறிவிட்டது.

"வாசிங்க அண்ணி," என்றார் பிச்சமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணன் கூடவே இருக்கட்டும்னு நான்தான் மார்ல வச்சேன்."

அவளுடைய சொந்த நாயனம் உள்ளே அலமாரியில்தான் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே.

மப்ளரை உருவினாள். சீவாளியைச் செருகி ஊதினாள்.

ராகத்தின் முதல் பிடி தெருவையே நிறைத்தது. பாடை தூக்கியவர்கள் ஒரு கணம் நின்றார்கள்.

இரண்டாவது பிடியில் அவள் விரல்களுக்கு அடியில் மரம் சடக்கென்று விரிசல் விட்டது. அப்புறம் எவ்வளவு ஊதியும் வெறும் காற்றுதான் வந்தது.

துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று பெண்கள் அழுதார்கள். பிச்சமுத்து மட்டும் அவள் கையையே பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

ரங்கநாயகி விரிசல் தெரியாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மப்ளரை எடுத்து மேலிருந்து கீழ்வரை இறுக்கிச் சுற்றினாள்.

"நாயனத்துக்கு ஒண்ணும் இல்ல தம்பி, எனக்குத்தான் மூச்சு வரல. நீங்க அவரோட போங்க."