வெள்ளை பேன்ட்டின் இடது கால்

இதனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மாதா திருவிழாவன்று மாலை நாலே முக்கால் மணிக்கு, ஃப்ரெடியின் வெள்ளை பேன்ட்டின் இடது கால், முட்டியிலிருந்து கணுக்கால்வரை, ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படாமல் கோயில் வாசலை வந்தடைந்தது.

இது அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அலெக்ஸாண்டர் மாஸ்டரைத் தெரியாது.

மாஸ்டர் பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். பன்னிரண்டு பேருக்குப் பத்தொன்பது விதிகள் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் செய்து, ஒவ்வொரு விதிக்குக் கீழும் தனித்தனியாகக் குத்தி, ஒத்திகை அறையில் ஒட்டியவர்.

முதல் விதி: வெள்ளை உடையில் கறை உள்ளவர் எவராயினும் பவனியில் நடக்கக் கூடாது.

ட்ரம்பெட் ஊதும் ஃப்ரெடி இதில் இரண்டு முறை மாட்டியிருந்தான். ஈஸ்டருக்கு ஒரு முறை, ஒரு கல்யாணத்துக்கு ஒரு முறை. மூன்றாம் முறை என்றால் யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வாரத்தில் ஆறு நாள் கன்டெய்னர் யார்டின் ஹாரன் சத்தத்தில் செத்து, ஏழாம் நாள் ட்ரம்பெட்டில் உயிர்த்தெழுகிறவன் அவன். யூனிஃபார்ம் போனால் ஏழாம் நாளும் போச்சு.

குற்றவாளி அவனுடைய புல்லட். முப்பத்தெட்டு வயது. என்ஜின் மூச்சு விடுவதற்கென்று இடப்பக்கம் கீழே ஒரு குட்டிக் குழாய் உண்டு. வயதான உடம்பாயிற்றே, மூச்சோடு எண்ணெயையும் சேர்த்துத் துப்பும். துப்புகிற திசையில் ஃப்ரெடியின் கால்.

காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தான். தெரு நாய்கள் துரத்தின.

பிறகு மூளையைக் கசக்கி, குழாயை ஒரு கார்க்கால் இறுக்கி அடைத்தான். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் என்ஜின் வேறு நான்கு இடங்களில் எண்ணெய் கக்கியது.

கடைசியில் காசிமேட்டில் படகு என்ஜின் பழுது பார்க்கும் சாபிராவிடம் போய் நின்றான்.

சாபிரா கார்க்கைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஃப்ரெடியைப் பார்த்தாள்.

"மூக்கப் பொத்திக்கினு நீ ட்ரம்பெட்டு ஊதுவியா நைனா? அதுக்கும் மூச்சு வாணாமா?"

ட்ரம்பெட்டை வாயால்தான் ஊதுவார்கள் என்று ஃப்ரெடி சொல்லவில்லை. அவள் கையில் ஸ்பேனர் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை, பூசையில் நற்கருணை உயர்த்தும் நேரத்தில் இருப்பவனைப்போல, அவன் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

படகுக்கு டீசல் போகும் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டினாள். டேப் எடுக்கவில்லை. கண்ணாலேயே அளந்தாள்.

ஒரு முனையை என்ஜினில் மாட்டிக் கிளிப் போட்டாள். குழாயைக் கீழே தொங்கவிடாமல் நேரே மேலே, டேங்குக்கு அடியில் ஏற்றினாள். அங்கிருந்து சீட்டுக்கு அடியில் ஓட்டி, வண்டியின் பின்னால், நம்பர் பிளேட்டுக்குக் கீழே கொண்டுவந்து முடித்தாள். எங்கும் ஒரு மடிப்பு இல்லை. கம்பெனியே அப்படித்தான் அனுப்பியது என்று சத்தியம் செய்யலாம்போல இருந்தது.

"மேல ஏற சொல்ல எண்ணெ கனம் தாங்காம திரும்பி என்ஜின்லயே வுழுந்துடும். காத்து மட்டும் பின்னால பூடும். அவ்ளோதான் மேட்டரு."

என்ஜினைப் பிரித்து மேய வேண்டும் என்று இரண்டு மெக்கானிக்கும், எடைக்குப் போட்டுவிடு என்று மூன்றாவது மெக்கானிக்கும் கைவிரித்த வியாதி அது. சாபிரா முடித்துவிட்டுக் கை துடைத்தபோது, தொடங்குமுன் டீக்கடைப் பையன் வந்து வைத்த டீ இன்னும் சூடாகவே இருந்தது.

திருவிழாவன்று ஃப்ரெடி திருவொற்றியூர் வீட்டிலிருந்து கிளம்பினான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தான். ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து இடது காலைப் பார்த்துக்கொண்டான். வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

கோயில் வாசலில் குழு வரிசையாக நின்றது. பின்னாலேயே வந்து சேர்ந்த மாஸ்டர் வேறு எவரையும் பார்க்காமல் நேராக ஃப்ரெடியிடம் வந்தார். ஃப்ரெடி கண்ணை மூடிக்கொண்டு மாதாவை அழைத்தான்.

மாஸ்டர் முட்டி போட்டார். கண்ணாடியை மாற்றினார். பேன்ட்டை முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், மடித்துத் தைத்த ஓரத்துக்குள் விரலை விட்டுத் தேடினார்.

சொட்டு நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"இன்னாடா இது, பால் கணக்கா கீது?" என்றார். ஊர்ப்பட்ட துக்கம் அந்தக் குரலில்.

ஃப்ரெடி மனதுக்குள் சாபிராவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

மாஸ்டர் எழுந்து வரிசைக்கு எதிரே போய் நின்று, வெள்ளிப்பூண் போட்ட கோலை உயர்த்தினார்.

யாரும் ஊதவில்லை. எல்லோரும் அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய டிரம் அடிக்கும் பென்னிதான் வாயைத் திறந்தான். "மாஸ்டர்... கோட்டு..."

சரிகை வைத்த வெள்ளைக் கோட்டில், கழுத்திலிருந்து வயிறுவரை, தாளித்துக் கொட்டிய கடுகுபோலக் கரும்புள்ளிகள்.

எண்ணெய் தெறிப்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, மாஸ்டர் திருவொற்றியூரிலிருந்தே தன் ஸ்கூட்டரை ஃப்ரெடியின் நம்பர் பிளேட்டை உரசுகிற மாதிரி ஓட்டிவந்திருக்கிறார்.

காற்று மட்டும்தான் போகும் என்று சாபிரா சொன்னது முக்கால்வாசி உண்மை.

மாஸ்டர் குனிந்து தன்னைப் பார்த்தார். யாரும் விதியை நினைவூட்டவில்லை. அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. அவர் கோலைப் பென்னியின் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போனார்.

ஐந்து மணிக்குப் பவனி கிளம்பியது.

மாஸ்டர் இல்லாததால் வாசிப்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.