உறுமலை விட்டவன்

“துரோகி! பழைய மாதிரி உறுமுலே!”

அடித்தொண்டையில் உறுமிப் பாடும் டெத் மெட்டல் இசையின் ரசிகர்கள் கத்திவிட்டு வெளியேறினார்கள். சக்திகுமார் மெல்லிய மெட்டிலேயே பாடி முடித்தபோது, கோவில்பட்டி மண்டபத்தில் முன்வரிசையில் அவன் அம்மா வெயிலம்மாள் மட்டுமே இருந்தாள்.

“தாலாட்டா பாடுதே? நம்ம பேண்டு இன்னையோட முடிஞ்சுது!” டிரம்ஸ் வாசிக்கும் இசக்கிதுரை குச்சிகளை வீசிவிட்டுப் போனான்.

சக்திகுமார் அம்மாவிடம் ஓடினான். “யம்மா, நான் உறுமும்போதெல்லாம் முன்னால உக்காந்து அழுதியே. உனக்காகத்தான் எல்லாத்தையும் மாத்துனேன். இப்பமாவது பிடிச்சிருக்கா?”

அவள் அவன் உதடுகளையே உற்றுப் பார்த்தாள்.

“ஏலே, அது சந்தோசத்துல அழுதது. தீப்பெட்டி ஆலை மிஷின் சத்தத்துல என் காது போயி ரெண்டு வருசமாச்சு. வேலை போயிருமேன்னு யார்ட்டயும் சொல்லலை. உன் உறுமல் மட்டுந்தான் எனக்குக் கேக்கும். இன்னைக்கு நீ வெறும் வாயைத்தானே அசைச்சே?”