எமர்ஜென்சி லீவு

ரோமில் கொலோசியத்தின் முன்னால் நின்று பாலமுரளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். படமெடுத்த நண்பன் பாண்டித்துரையிடம், “ஆபீஸ்ல யாருக்கும் காட்டிடாதடா,” என்றான்.

திங்கட்கிழமை அபுதாபி ஆபீஸில் நுழைந்ததுமே மேனேஜர் எழுந்து வந்து தோளைத் தொட்டார். “அப்பா எப்படி இருக்கார்?”

“ஆபத்தைத் தாண்டிட்டார் சார்,” என்றான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“தெரியும்ப்பா. உன் செல் கிடைக்கலை, திருச்சி வீட்டுக்கே போன் போட்டேன். அவரே எடுத்தார். உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சேன்.”

தினமும் காவிரிக்கரையில் கைவீசி நடக்கிற மனுஷன் அப்பா. தான் சீரியஸாகக் கிடக்கிற சேதியே அவருக்குத் தெரியாது.

“பாவம், ஒரே இருமல். ‘உங்க புண்ணியத்துல பையன் ராத்திரி பகலா என் பக்கத்துலயேதான் இருக்கான்’னார். சொல்லும்போதே அழுதுட்டார்ப்பா.”