சின்ன விரிப்பு

விரிப்பின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை புருஷன் கையில்.

உதறினார்கள். இழுத்துப் பிடித்தார்கள். எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவர்களுக்கு இதுதான் வேலை. ஒற்றை ஆளாக மடித்தால் துணி தரையில் புரளும். புரண்டது திரும்பவும் வெந்நீர்த் தொட்டிக்குப் போகும், மேஸ்திரியின் வாயும் திறக்கும். அதனால் ஜோடி ஜோடியாகத்தான் நிறுத்துவார்கள்.

புருஷன் பெண்டாட்டி ஜோடி இவர்கள் மட்டுந்தான். நேற்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அவள் சொல்லியாகிவிட்டது. அவர் கட்டிக்கொண்டு அழுகிற அந்த வேதத்தை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அக்கா இருக்கும் ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வரமாட்டாள்.

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பதில் தெரியாத ஆளா அவர்? சொந்த ஊரில் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். கடவுள் இல்லை என்று அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவனுக்குத் தன் பெயர்மேலேயே சந்தேகம் வந்துவிடும். 'இல்லை வாத்தியார்' என்று பையன்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவள் அடுத்த அறையில் கண்ணை மூடி வேதத்தை ஒப்பித்துவிட்டு வெளியே வந்தால், "என்ன, உன் ஆளு பதில் போட்டாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

இப்போது எல்லாம் தலைகீழ். நாட்டில் மூண்ட சண்டைக்குத் தப்பிக் கடல் தாண்டி இந்த ஊரில் இறங்கிய நாளிலிருந்து அவள் கை கூப்புவதில்லை. அவர் கூப்ப ஆரம்பித்தார்.

அதோடு விட்டாரா? பழைய மொழியில் கிடந்த வேதத்தை, அவள் அத்தனை வருஷம் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததை, வீட்டில் பேசுகிற பேச்சுக்குக் கொண்டுவருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். இதுவரை யாரும் கொண்டுவரவில்லையாம்.

உட்காரக்கூட இல்லை. நின்றபடியேதான். விரிப்போடு எதிரெதிரே நடந்து முனை சேர்வதற்குள் ஒரு வசனத்தை முணுமுணுத்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அது நீளம், வெட்ட வேண்டும். பாதி வேதம் இப்படி மடித்தே ஆகியிருந்தது.

பக்கத்து ஜோடி ஒரு அண்ணியும் நாத்தனாரும். அவர்களும் இவர்கள் இருக்கிற அகதி முகாம்தான். நாத்தனார் ஒரு விரிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"சாமியாரே, இந்தக் கறை மந்திரத்துக்குப் போகுமா, இல்ல சோடாதான் போடணுமா?"

அவரும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பயத்தில் சாமி கும்பிடுகிறவனை மன்னித்துவிடலாம். அடித்த கையையே பிடித்து முத்தம் கொடுக்கிறவனை என்ன செய்வது?

குவியலிலிருந்து அடுத்ததை வெடுக்கென்று இழுத்தாள். எதிர்பார்த்த கனம் இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

சின்னது. குழந்தைகள் வார்டு விரிப்பு.

இந்த மாதிரி வந்தால் அவள் கண்ணில் படுவதற்கு முன் அவர் உருவிப் பக்கத்து ஜோடியின் குவியலில் செருகிவிடுவார். அவள் தெரியாதவள் போல இருந்துவிடுவாள். இன்று அவர் வசனத்தில் இருந்தார். விட்டுவிட்டார்.

இதை மடிக்க ஒரு ஆள் போதும். அவளால் முடியவில்லை. மாரோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் வந்து எதிர்ப்பக்கத்து முனைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

"அந்தப் படகுல தொண்டை கிழியக் கேட்டேனே," என்றாள். குரல் ஏறவே இல்லை. "ஒரு வாய் பதில் சொன்னானா? நாலு வயசுப் பிள்ளைய வாங்கி வச்சுக்கிட்டான். அவன்கூட உங்களுக்கு என்ன பேச்சு?"

இல்லை வாத்தியார் துணியின் சுருக்கத்தை நீவினார்.

"பிள்ளை அந்த வீட்டுல இருக்கே," என்றார். "பொண்ணு போயிருக்கிற வீட்டோட ரெண்டு பேருமே பேச்சை அறுத்துக்கிட்டா எப்படிம்மா? நீ விட்டுட்ட. யாராவது ஒருத்தர் பேசணும்ல."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அங்க எல்லாம் பழைய மொழியிலதான் நடக்கும். பிள்ளைக்கு நம்ம பேச்சை விட்டா ஒண்ணும் தெரியாது. எவன் கூப்பிட்டாலும் புரியாம முழிச்சுக்கிட்டு நிப்பா."

எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஜோடி சத்தமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தது.

அவள் துணியை இழுத்துப் பிடித்தாள். அவர் பழக்கத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"நடுநடுங்கி நிற்கிறவர்களுக்கு அவர் அடைக்கலமாக..."

சின்ன விரிப்புக்கு ஒரே எட்டுதான். வசனம் பாதியில் இருக்கும்போதே முனைகள் சேர்ந்துவிட்டன. அவர் நிறுத்தினார். அவர் விரல்கள் அவள் விரல்கள்மேல் இருந்தன.

அவள் முனைகளை வாங்கிக்கொள்ளவில்லை. ஓரெட்டு பின்னால் போய்த் துணியைத் திரும்ப விரித்தாள்.

"அடைக்கலம்னா அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள். "சின்ன வார்த்தையாப் போடுங்க."