இன்றைக்கு நான்தான் ஒடிசா

பள்ளியில் பண்பாட்டு நாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவருக்குப் பிடித்த மாநிலமாக உடுத்திக்கொண்டு, கழுத்தில் மாநிலப் பெயர் எழுதிய அட்டையோடு மேடையோரம் நின்றார்கள். நிகிதாஸ்ரீயின் இடுப்பிலிருந்த வாடகைப் பாவாடை, கண்ணாடிச் சில்லெல்லாம் மினுமினுக்க, பக்கத்தில் மினதி மடித்துக் கட்டியிருந்த பருத்திச் சேலையிடம் கேட்டது:

"நீ எந்தக் கடை?"

"கடையில்லை. மினதியோட அம்மா சேலை. அவங்ககூட ஒடிசாவிலிருந்து ரயில்ல வந்தேன். இன்னைக்கும் ஒடிசாதான்."

"அதெப்படி? இன்னைக்கு நான்தான் ஒடிசா. போன வாரம் குஜராத். அதுக்கு முந்தி, தலையில ஒரு இறகைச் செருகினாங்க, நாகாலாந்து."

"ஒடிசாவை நீ பார்த்திருக்கியா?"

"எதுக்குப் பார்க்கணும்? அதான் அட்டை மாட்டியிருக்காங்களே."

முதல் பரிசு நிகிதாஸ்ரீக்குப் போனது. நடுவர் மினதியைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கே கண்ணு. ஆனா ஒடிசா மாதிரியே இல்லையே. அடுத்த வருஷம் அவளைப் பார்த்துக் கத்துக்கிட்டு வா" என்றார்.

இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்ட நல்ல தமிழில் மினதி, "சரிங்க சார்" என்றாள்.

சேலையைப் பார்க்கப் பாவாடைக்கே பாவமாகிவிட்டது.

"விடு, மனசுல வச்சுக்காதே. கூட இருந்து ஆறுதல் சொல்லலாம்னா எனக்கு நேரமில்லை. நாளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல நான் தமிழ்நாடு."