மாட்டேன் என்ற சொல்

தாராவித் தோல் பட்டறையின் கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் மாலை வெயிலில், எந்திர மனிதனான பூதத்தானின் தகர மார்பு கோபுரக் கலசம்போல் மின்னுகிறது. சுவரில் 1967ஆம் ஆண்டு நாள்காட்டி படபடக்கிறது. வாசலில், உருக்காலைக்குப் போகும் லாரி உறுமிக்கொண்டிருக்கிறது. பழைய எந்திரங்களை ஏற்றிச்செல்ல மாதுங்காவிலிருந்து வந்திருக்கும் குமாஸ்தா பேனாவைத் திறக்கிறார். "வரமாட்டேன்னு அது வாயால ஒரு தடவை சொல்லட்டும். சட்டப்படி மனுஷன்னு எழுதிண்டு போயிடறேன்." எட்டு ஆண்டுகளாகப் பூதத்தானோடு சேர்ந்து தோல் சுரண்டும் தளவாய் அதன் தோளைப் பிடித்து உலுக்குகிறான். "எலேய், மாட்டேன்னு சொல்லுல!" பூதத்தான் கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்க்கிறது. "பெரியவங்ககிட்ட அப்படிப் பேசப்பிடாதுன்னு சொல்லியிருக்கியளே, அண்ணாச்சி." "அன்னைக்குச் சொன்னது தப்புல!" "அண்ணாச்சி சொன்னா தப்பா இருக்காது." தளவாய் தன் தலையிலேயே ஓங்கி அடித்துக்கொள்கிறான். குமாஸ்தா 'எந்திரம்' என்று எழுதிப் பேனாவை மூடுகிறார். பூதத்தான் தானாகவே லாரியில் ஏறுகிறது. பின்னால் ஏற முடியாமல் தடுமாறும் குமாஸ்தாவைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது. பிறகு, கிளம்புகிறவர்கள் எப்படி விடைபெற வேண்டும் என்று தளவாய் பழக்கியிருந்தானோ, அப்படியே இரு கைகளையும் குவிக்கிறது. "போயிட்டு வாரேன், அண்ணாச்சி."